ஹில்டாக்கா கடையின் சிவப்பு ஃபிரிஜ்

ஹில்டாக்காவுக்குச் சால்வை போர்த்தி, தலையில் மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையை வைத்து, கை தட்டியவர்கள்தான் அவர் கடையை மூடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இதை நான் வெளியே சொன்னால் லஷ்கர் மொஹல்லாவில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரும். வரட்டும். என் தையல் மெஷின் அந்தக் கடைக்கு நேர் எதிரே கிடக்கிறது. ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றும்போதும் ஒரு கண் அங்கேதான் இருக்கும். என் கண்ணில் படாமல் அங்கே ஒரு மிட்டாய்கூட விற்றதில்லை.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில். கல்யாணமாகி மைசூருக்கு வந்தார். வீட்டுக்காரர் நீல், டயர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அவர் மாரடைப்பில் போனபோது ஒரே மகள் லிசா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனையோடு வந்தார்கள். ஒருவர் தங்கவயலுக்கே திரும்பி வா என்றார், ஒருவர் கான்வென்ட்டில் சமையல் வேலை இருக்கிறது என்றார். அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாளே ஆள் வைத்து வீட்டின் முன்னறைச் சுவரை இடித்து ஷட்டர் போட்டார். "அடுத்தவங்க வாசல்ல போயி நிக்கக் கூடாதுன்னுதான் காவேரி, என் வாசல்ல நானே நின்னுக்கிட்டேன்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கடைதான் லிசாவைப் படிக்கவைத்தது, கட்டிக்கொடுத்தது. இப்போது லிசா பெங்களூரில் எட்டாவது மாடியில் இருக்கிறாள்.

கடையில் பிஸ்கட், சோப்பு, முட்டை, பால் எல்லாம் உண்டு. ஆனால் கடையின் உயிர் அந்தச் சிவப்பு ஃபிரிஜ்ஜில்தான் இருந்தது. ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே எந்நேரமும் விளக்கு. அமெரிக்கக் கலர் சோடாக் கம்பெனியின் ஏஜென்சி கொடுத்தது. கொடுத்தது என்றால் தானமாக அல்ல. ஃபிரிஜ் கம்பெனிக்குச் சொந்தம், கரண்டு பில் அக்காவுக்குச் சொந்தம். உள்ளே கம்பெனி பாட்டிலைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இதைப் பார்ப்பதற்கென்றே செந்தில்நாதன் என்ற சூப்பர்வைசர் வாரம் ஒருமுறை பைக்கில் வந்து, ஃபிரிஜ்ஜை போனில் படம் எடுத்து மேலே அனுப்புவார். நல்ல மனிதர். "அக்கா, அந்தப் பால் பாக்கெட்டு, தயிரையெல்லாம் ஒரு நிமிஷம் வெளிய எடுத்து வெச்சிடுங்க. போட்டோ எடுத்ததும் மறுபடி உள்ள வெச்சுக்கோங்க" என்பார். அக்காவும் எடுத்து வைப்பார். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது.

அப்புறம்தான் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு வரி போட்டான். அவன் எங்கேயோ உட்கார்ந்து போட்ட வரி, எங்கள் தெருவில் நஞ்சுண்டசாமி வீட்டு வாசலில் வந்து விழுந்தது.

நஞ்சுண்டசாமி அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தெருச் சங்கத்துக்குத் தலைவர். கொள்ளேகாலில் பிறந்தவர், அதனால் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். அவர் மகள் ரூபா ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அமெரிக்க ஆர்டர் நின்றுபோனதும், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று பல பேரை அனுப்பிவிட்டார்கள். அதில் ரூபாவும் ஒருத்தி. அவள் என் கடைக்கு வந்து, "தைக்க ஏதாவது இருந்தா குடுங்கக்கா" என்று கேட்டு நின்றாள். ஆகவே நஞ்சுண்டசாமியின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கோபத்தை அவர் எங்கே கொண்டுபோய் இறக்கி வைத்தார் என்பதில்தான் எனக்கு எரிச்சல்.

பிள்ளையார் பந்தலில் தெருவைக் கூட்டி, அமெரிக்கக் கலரை இனித் தொடமாட்டோம் என்று எல்லோரையும் கை தூக்கவைத்தார். நானும் தூக்கினேன். எனக்கு அது பிடிக்கவும் பிடிக்காது, குடித்தால் ஏப்பம்தான் வரும். கூட்டம் முடிந்த கையோடு ஊர்வலமாக ஹில்டாக்கா கடைக்கு வந்தார்கள்.

"நோடி, இங்க பாருங்க ஹில்டம்மா, இனிமே நம்ம தெரு நம்ம ஊர்க் கலர்தான் குடிக்கும். நீங்க தருவிச்சு வையுங்க."

"வெச்சா வாங்குவீங்களா சார்?"

"வாங்காம? இதென்ன கேள்வி? தேச விஷயம் இது!"

அக்கா நம்பினார். கொள்ளேகாலில் சித்தையன் என்பவர் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு 'மூன்று மயில்' என்று பன்னீர் சோடா செய்கிறார். அவரை வரவழைத்து, கிரேட் கிரேட்டாகப் பாட்டில் பெட்டிகளை இறக்கினார். கண்ணாடிப் பாட்டில், தகர மூடி, லேபிளில் மூன்று மயில்கள். "நம்ம சரக்கு வாசனைக்கே ஆள் தேடி வருமுங்க்கா" என்று சித்தையன் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

வாசனைக்கு ஆள் வந்தது உண்மை. வந்து என்ன செய்தது? காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது மாதிரி பாட்டிலைத் தொட்டுப் பார்த்தது. "ஜில்லுன்னு இல்லையே?" என்றது. எங்கிருந்து ஜில்லென்று இருக்கும்? ஃபிரிஜ் அமெரிக்காக்காரனுடையது. அதில் மயிலை ஏற்றினால் செந்தில்நாதன் படம் எடுப்பார். அக்கா பிளாஸ்டிக் டப் வாங்கி, ஐஸ் வாங்கி, அதில் பாட்டில்களை அமுக்கி வைத்தார். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள், ஐஸ் எந்த மூலைக்கு? மத்தியானத்துக்குள் கரைந்து, லேபிள் உரிந்து, மயில்களெல்லாம் தண்ணீரில் மிதந்தன. லேபிள் இல்லாத பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது என்ன, பினாயிலா?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டார்.

கேட்டுவிட்டு அவர் கண் மெதுவாகச் சிவப்பு ஃபிரிஜ்ஜின் பக்கம் போனது. "சரி, இன்னிக்கு மட்டும் அதையே குடுங்க."

இந்த 'இன்னிக்கு மட்டும்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது. பந்தலில் கை தூக்கிய அதே ஆட்கள், ஒவ்வொரு நாளும், இன்றைக்கு மட்டும். கொஞ்சம் ரோஷம் உள்ளவர்கள் இரண்டையும் வாங்காமல் போனார்கள். அமெரிக்கக் கலர் விற்பனையும் விழுந்தது, மயிலும் நகரவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"மாதாவே, பேஜாராப் போச்சு காவேரி" என்பார் அக்கா. "குடிக்கறது அவங்க. குடிக்க மாட்டோம்னு சத்தியம் பண்றதும் அவங்க. ரெண்டுத்துக்கும் பதில் சொல்றது நானு."

இந்த நேரம் பார்த்து லிசா போன் மேல் போன். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும். "எதுக்கு மம்மி இந்தக் கஷ்டம்? மொபைல் கடைக்காரன் ஒருத்தன் அந்த முன் ரூமைக் கேக்கறான். ஷட்டரை இறக்கிட்டு இங்க வா. குழந்தையப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு."

"அங்க வந்து எட்டாவது மாடில உக்காந்து நான் யார் மொகத்தைப் பாக்கறது? காக்காகூட வராது."

"அப்போ ஒண்ணு பண்ணு. தசரா வரைக்கும் பாரு. தசராவுக்கும் வியாபாரம் இல்லேன்னா கடையக் குடுத்துடணும். சரியா?"

அன்றைக்கு மூன்றாவது ஆள் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன எரிச்சலில் இருந்த அக்கா, "சரி போடி, குடுத்துடறேன்!" என்று கத்திவிட்டார். கத்தினது கத்தினதுதான். லிசா அதைப் பிடித்துக்கொண்டாள். தசராவுக்கு ஊரே வெளியூர்க்காரர்களால் நிரம்பும், தாகத்தோடு நடக்கும். அப்போதும் விற்காவிட்டால் அக்கா பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. கடை போய்விடும்.

அன்று இரவெல்லாம் அக்கா யோசித்திருக்க வேண்டும். காலையில் நான் ஷட்டரைத் தூக்கியபோது அவர் ஃபிரிஜ்ஜின் முன்னால் மண்டியிட்டிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் முன் வரிசையில் அமெரிக்கக் கலர், லேபிள் வெளியே தெரிகிற மாதிரி பட்டாளம் போல் நின்றது. அதற்குப் பின்னால் முழுக்க மூன்று மயில். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"முன்னால அமெரிக்கா, பின்னால கொள்ளேகாலு" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. கேட்கிறவர்களுக்கு அக்கா கையைப் பின்னால் விட்டு ஜில்லென்று ஒரு மயிலை எடுத்துக் கொடுப்பார். குடித்தவர்கள் திரும்பி வந்தார்கள். உண்மையாகவே நல்ல சோடா அது. பன்னீர் வாசனை தூக்கலாக, இனிப்பு அளவாக. என் கடைக்கு வரும் பெண்கள் ஜாக்கெட் அளவு கொடுத்துவிட்டு எதிரே போய் ஒன்று குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். செந்தில்நாதன் வழக்கம்போல் வந்தார், கதவைத் திறக்காமலே கண்ணாடி வழியாகப் படம் எடுத்தார், போனார். சித்தையன் வாரத்துக்கு இரண்டு தடவை வண்டி கொண்டுவந்தார். தசரா நெருங்கியது. லிசாவிடம் அக்கா பேசும் குரலே மாறிப்போனது.

அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா? நல்லது நடந்துவிட்டால் உடனே அதற்கு ஒரு விழா எடுத்தாக வேண்டும் நம் ஆட்களுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மாதா கோயில் பூசை முடிந்து வந்து கடை திறந்ததும், நஞ்சுண்டசாமி சங்கத்தோடு வந்து நின்றார். கையில் தட்டு. தட்டில் சால்வை, பழம், ஜரிகை போட்ட மைசூர்ப் பேட்டா. எங்கள் ஊரில் மந்திரி வந்தாலும் அந்தத் தலைப்பாகைதான், பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஜெயித்தாலும் அந்தத் தலைப்பாகைதான். அக்கா கூச்சப்பட்டார். கொஞ்சம் சந்தோஷமும் பட்டார், பொய் சொல்வானேன். நீல் போனதிலிருந்து அவரை நிறுத்தி வைத்து யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கண் கலங்கியதை நான் பார்த்தேன். பேட்டா பெரிதாக இருந்ததால் காதுவரை இறங்கியது.

நஞ்சுண்டசாமி பேசினார். தேசம், தன்மானம், ரூபாவின் வேலை எல்லாம் வந்தது. பக்கத்தில் ஒருவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சின் உச்சத்தில் நஞ்சுண்டசாமி ஃபிரிஜ்ஜின் பக்கம் திரும்பினார்.

"சார், அது வேணாம் சார்" என்றார் அக்கா. பேட்டா கண்ணை மறைத்ததால் அவரால் வேகமாகக் குறுக்கே போக முடியவில்லை.

அவர் கதவைத் திறந்துவிட்டார். முன் வரிசை அமெரிக்காவை இரண்டு கையாலும் ஒதுக்கி, பின்னாலிருந்து ஒரு மூன்று மயிலை எடுத்து, பிரசவம் பார்த்த டாக்டர் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதுபோல் வீடியோவுக்குக் காட்டினார்.

"நோடி! அமெரிக்காக்காரன் ஃபிரிஜ்ஜுக்குள்ளயே நம்ம சரக்கு! அவன் கரண்டுல நம்ம மயில்! இதுதான் நம்ம ஹில்டம்மா புத்தி!"

எல்லோரும் கை தட்டினார்கள். கரண்டு யாருடையது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எங்கள் தெரு குரூப்பிலிருந்து வார்டு குரூப்புக்கும், அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. என் தங்கச்சி ஹனூரிலிருந்து அதை எனக்கே அனுப்பி, 'இது உங்க தெருவா?' என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை செந்தில்நாதன் வந்தார். இந்தத் தடவை பைக்கில் இல்லை, குட்டி லாரியில், இரண்டு ஆட்களோடு.

"அக்கா, நான் என்ன பண்றது சொல்லுங்க. மேல இருக்கறவங்க அந்த வீடியோவை எனக்கே அனுப்பி விளக்கம் கேக்கறாங்க." அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒருநாளும் அந்த முன் வரிசைய எடுத்துப் பாத்ததில்லைங்க்கா. பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும். தெரியக் கூடாதுன்னுதான் பாக்கல."

"தெரியும் தம்பி" என்றார் அக்கா. பால் பாக்கெட்டுகளை, தயிரை, மயில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். ஃபிரிஜ் லாரியில் ஏறியது. அது நின்ற இடத்தில் மட்டும் தரை புதிதாக, சிவப்புக் காவியோடு பளிச்சென்று இருந்தது. மத்தியானத்துக்குள் பால் திரிந்துவிட்டது.

நஞ்சுண்டசாமி கேள்விப்பட்டு ஓடிவந்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "போகட்டும் விடுங்க ஹில்டம்மா! பீடை ஒழிஞ்சுது! இப்பதான் உங்க கடை முழு சுதேசி!" என்றார். அக்கா கையில் திரிந்த பால் பாத்திரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசி விரலில் ஏறிவிட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாற இவரைப் போல் ஆள் வேண்டும்.

"வேற ஃபிரிஜ்ஜுக்கு என்ன சார் வழி?" என்று நானே கேட்டேன்.

"மீட்டிங்ல பேசறோம்மா. ஏதாவது பண்ணலாம்."

அந்த மீட்டிங் நடக்கவே இல்லை. தசரா ஆரம்பித்தது. வெளியூர்ச் சனம் பிள்ளைகுட்டிகளோடு தெருவில் வந்தது, அக்கா கடையில் எட்டிப் பார்த்தது, பாட்டிலைத் தொட்டது, மூலைக் கடைக்குப் போனது. அங்கே சிவப்பு ஃபிரிஜ் இருக்கிறது. வெளியூர்க்காரர்களை விடுங்கள். பேட்டா வைத்தபோது கை தட்டியவர்களில் ஒருவர், மூலைக் கடையிலிருந்து கறுப்பு நிற அமெரிக்கக் கலரைக் குடித்துக்கொண்டே அக்கா கடை முன்னால் நடந்து போனார். போகும்போது, "நமஸ்காரம் ஹில்டம்மா" என்று வேறு சொன்னார்.

லிசா போன் செய்தாள். "மம்மி, நான் திட்டறேன்னு நெனைக்காத. திங்கக்கிழமை அந்த மொபைல் கடைக்காரன் ரூமை அளக்க வர்றான். நீ ஒத்துக்கிட்டதுதானே?"

"ஒத்துக்கிட்டதுதான்" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டுக் காலியாக இருந்த அந்தச் சிவப்புத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். அழவில்லை. மூச்சுதான் புஸ்ஸு புஸ்ஸென்று வந்தது.

திடீரென்று எழுந்து, ஒரு கிரேட் மயிலை இடுப்பில் தூக்கி வைத்தார். "காவேரி, இன்னொண்ணை நீ எடு."

"எங்கக்கா?"

"வா சொல்றேன்."

நேரே நஞ்சுண்டசாமி வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி மல்லம்மா. அதிகம் பேசாத மனுஷி, எனக்குத் தெரிந்து தெருவில் யாரோடும் சண்டை போட்டதில்லை.

"மல்லம்மா, உங்க ஃபிரிஜ்ஜைச் சொல்பம் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா உள்ளே போய்விட்டார். கதவைத் திறந்தார். இட்லி மாவு, பால், பூ, கறிவேப்பிலை. கதவின் கீழ்த்தட்டில் பெரிய பாட்டில் அமெரிக்கக் கலர், பாதி குடித்தது.

நஞ்சுண்டசாமி பின்னால் வந்து நின்றிருந்தார். "அது... விருந்தாளிங்களுக்கு" என்றார்.

எந்த விருந்தாளி என்று மல்லம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசியிருப்பேன், என் காலை மிதித்துவிட்டார். மாவுப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி, இருக்கிற இடத்திலெல்லாம் மயிலை அடுக்கினார்.

மறுநாளிலிருந்து ஏற்பாடு இதுதான். கடையில் யாராவது "ஜில்லுன்னு இருக்கா?" என்று கேட்டால், "இருக்கே!" என்பார் அக்கா. காசை வாங்கிக்கொண்டு, மயில் சோடாவின் பழைய மூடி ஒன்றைக் கையில் கொடுப்பார். "அதோ அந்தப் பச்சை கேட்டு வீடு. பெல் அடிங்க. மூடியக் குடுத்தா பாட்டில் தருவாங்க. சங்கத் தலைவர் வீடு, பயப்படாம போங்க."

நான் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அன்று ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையை இரண்டு பக்கமும் தைத்துவிட்டேன். சேலத்துக் குடும்பம் ஒன்று பாட்டியிலிருந்து கைக்குழந்தைவரை அந்த வாசலில் வரிசையாக நின்றது. காலேஜ் பையன்கள் போய் பெல்லை விடாமல் அமுக்கினார்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நஞ்சுண்டசாமி பனியனோடு எழுந்து வந்து மூடியை வாங்குவார், பாட்டிலைக் கொடுப்பார், போய்ப் படுப்பார், பெல் அடிக்கும். பந்தலில் பேசிய பேச்சு இருக்கிறதே, இல்லை என்று சொல்லவும் முடியாது அவரால்.

சனிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் கடைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே மல்லம்மாவும் வந்தார்.

"ஏன் ஹில்டம்மா இப்படிப் பண்றீங்க? அது வீடா, சத்திரமா? மனுஷன் கண் அசர வேண்டாமா?"

அக்கா கல்லாவை விட்டு வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் வெளியே வந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"சார், உங்க கோவம் நியாயம். ரூபா வீட்ல உக்காந்தப்போ நானும் அழுதேன். ஆனா உங்க கோவத்துக்குக் கரண்டு பில்லு கட்டினது நானு. ஃபிரிஜ்ஜை விட்டது நானு. திங்கக்கிழமை கடையையும் விடப் போறேன். நீங்க என்னா சார் விட்டீங்க? ஒரு மத்தியானத் தூக்கம்! அதுக்கே இப்படி வர்றீங்களே! பேட்டா போட்டீங்க. அதை மாட்டிவிட்டா சோடா ஜில்லுன்னு ஆயிடுமா? சொல்லுங்க!"

தெருவே நின்று கேட்டது. கை தட்டிய சங்கத்துக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். நஞ்சுண்டசாமி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. கொஞ்சம்தான்.

"கடைய விடறியா?" என்று கேட்டது மல்லம்மா. அவருக்கு அது தெரியாது. ஸ்பீக்கர் போனைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர் வீட்டுக்காரர்தான், வீட்டில் சொல்லவில்லை. மல்லம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தார். "அந்த ஃபிரிஜ் நான் சீட்டுப் போட்டு வாங்குனது. என்னோடது. நாலு பேரைக் கூப்பிட்டு இங்க தூக்கியாந்து வையுங்க."

"நம்ம வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு என்ன? மூலைக் கடையில போய்க் குடிச்சுட்டு வாங்க, எப்பவும் போல."

அக்கா பதறிவிட்டார். "ஐயோ மல்லம்மா, பேடா, வேணாம். எனக்குத் தானமெல்லாம் வேணாம். நான் யார்கிட்டயும் கை நீட்டி..."

"தானம்னு யாரு சொன்னா உனக்கு?" மல்லம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "என் மாவும் பாலும் அதுலதான் இருக்கும். காலைல வந்து எடுத்துக்குவேன். கண்டவனுக்கெல்லாம் என் கதவைத் தெறக்கறதுக்கு உன் வாசல் தேவலை. நீ வேற வாங்குனதும் இதைத் திருப்பிக் குடு. எம் பொண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்கலைன்னாலும் இந்தச் சோடாவை வித்தாவது பொழைக்கலாம். உன் கடை போச்சுன்னா இந்தத் தெருவுல எவ கடை வெப்பா?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை யாரும் இப்படித் திட்டி நான் கேட்டதில்லை. அது அவருக்குச் சால்வையைவிடச் சூடாக இருந்திருக்கும்.

கை தட்டிய கைகள் எல்லாம் ஃபிரிஜ்ஜைத் தூக்கின. நஞ்சுண்டசாமி ஒரு மூலையைப் பிடித்திருந்தார், தூக்கினாரா என்பது சந்தேகம். ஆனால் வியர்வை நிஜம். அந்தச் சிவப்புத் தரையில் இறக்கினார்கள். அது சிவப்பு ஃபிரிஜ்ஜைவிடச் சின்னது, கண்ணாடிக் கதவும் கிடையாது. கதவில் மல்லம்மா ஒட்டிய சாமுண்டியம்மன் படம் இருந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் ஒரு மாதா படத்தை ஒட்டினார்.

நஞ்சுண்டசாமி பெஞ்சில் விழுந்தார். மூச்சு வாங்கியது. "ஹில்டம்மா, ஜில்லுன்னு ஒண்ணு குடுங்க."

"தூக்கிட்டு வந்த ஃபிரிஜ்ஜை உடனே போடக் கூடாது சார். ஜில்லுன்னு ஆக ராத்திரி ஆயிடும். இப்போ இப்படித்தான்." டப்பிலிருந்து வெதுவெதுப்பான ஒரு மூன்று மயிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினார்.

வேறு வழியில்லாமல் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தார்.

"ஏய், நல்லா இருக்கே இது! பன்னீர் வாசனை... இதானா அது?"

பந்தலில் சத்தியம் வாங்கியவர், வீடியோவில் தூக்கிக் காட்டியவர், பனியனோடு எழுந்து எழுந்து ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர், இன்றுவரை இதை ஒரு வாய் குடித்ததில்லை. மல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன், வெடிக்கப் போகிறார் என்று.

அப்போதுதான் போன் அடித்தது. ஸ்பீக்கரில் லிசா. "மம்மி, திங்கக்கிழமை காலைலயே வர்றானாம். அளக்கறதுக்கு ரூமைக் காலியா வெச்சிரு."

"வர வேணாம்னு சொல்லுடி."

"என்ன மம்மி? பேசினபடி..."

"அப்பறம் பேசறேன். கடையில கஸ்டமர் இருக்காரு." போனைக் கல்லாவில் வைத்துவிட்டு, பாட்டிலைக் காலி செய்துகொண்டிருந்த நஞ்சுண்டசாமியின் முன்னால் அக்கா கையை நீட்டினார். "காசு, சார்."